கொரியாவின் ஹோ வம்சம்: பாட்டி எந்த ஊர், டிஎன்ஏ என்ன சொல்கிறது?

சிப்காட்வாசி

வணக்கம் நண்பர்களே. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கொரிய கம்பெனியில் வேலை பார்க்கிறேன். எங்கள் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் மேலாளரின் குடும்பப்பெயர் ஹோ. அறிமுகம் ஆனபோதே "எங்கள் வம்சத்து முதல் பாட்டி உங்கள் ஊர்க்காரி, தெரியுமா?" என்று கேட்டார். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று பார்த்தால், இல்லை, கிம்ஹே ஹோ என்று ஒரு வம்சம் இருக்கிறதாம், அதன் வரலாறே அப்படித்தான் ஆரம்பிக்கிறதாம். எனக்கு உடனே வாட்ஸ்அப்பில் சுற்றும் செம்பவளம் கதை ஞாபகம் வந்தது. கன்னியாகுமரிப் பக்கத்தில் இருந்து கப்பல் ஏறிப் போய்க் கொரிய ராஜாவைக் கட்டிக்கொண்ட இளவரசி. அதைச் சொன்னேன். அவர் அயோத்தி என்றுதான் கேள்விப்பட்டிருக்கிறாராம்.

அந்த ஃபார்வர்டின் கடைசி வரி: "டிஎன்ஏ சோதனையிலும் நிரூபணமாகிவிட்டது". எங்கே, எப்போது, யாருடைய டிஎன்ஏ, ஒன்றும் கிடையாது. விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். சண்டை மட்டும் வேண்டாம்.

ஆய்நாடன்

சண்டை எதற்கு, ஆதாரம் இருக்கிறது. ராணியின் ஊர் "அயுதா" என்றுதான் கொரிய நூலில் இருக்கிறது, அயோத்தி என்று இல்லை. கி.பி. முதல் நூற்றாண்டில் இன்றைய அயோத்தியின் பெயர் சாகேதம். அயோத்தி என்ற பெயர் அந்த ஊருக்கு நிலைத்தது குப்தர் காலத்தை ஒட்டித்தான். கடலே இல்லாத ஊரில் இருந்து ஒரு பெண் எப்படிக் கப்பல் ஏறுவாள்? மாறாகக் குமரிப் பக்கம் ஆய் நாடு இருந்தது. பொதியில் மலை ஆய் அண்டிரனைப் புறநானூறு பாடுகிறது. கிரேக்க நிலவியலாளர் தாலமி இரண்டாம் நூற்றாண்டில் "அயோய்" என்று அந்த நாட்டைக் குறித்து வைத்திருக்கிறார். ராணியின் கணவர் சமாதி வாசலில் இரட்டை மீன் இருக்கிறது. மீன் யாருடைய சின்னம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கொரியனில் அப்பாவுக்கு அப்பா, அம்மாவுக்கு ஓம்மா, நாளுக்கு நல், புல்லுக்குப் புல். டிஎன்ஏவும் 2004-இல் கொரியாக்காரர்களே செய்ததுதான், நாம் செய்ததில்லை.

கிண்டல்_கிட்டு

அண்ணே, அப்போ கிம்ச்சி நம்ம ஊர் ஊறுகாயா? இப்பவே சொல்லிட்டா பேட்டன்ட் போட்டு வெச்சிடலாம்.

பூசான்_பூங்குழலி

பூசானில் இருக்கிறேன், கிம்ஹே பக்கத்து ஊர்தான், இலகு ரயிலில் ஏறினால் சுரோ அரசர் சமாதி என்றே ஒரு நிலையம் வரும். முதலில் மூல நூலில் என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன், ஃபார்வர்டுகளில் பாதி அதிலேயே இல்லை.

நூலின் பெயர் சம்குக் யுசா. இர்யோன் என்ற பௌத்த பிக்கு 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் தொகுத்தது. அதில் காரக் நாட்டுக் குறிப்பு என்று ஒரு பகுதி உண்டு, காரக் என்பது கயா நாட்டின் இன்னொரு பெயர். அது அதற்கு முன்பே, 1076 வாக்கில், கிம்ஹே வட்டாரத்தை ஆண்ட ஓர் அதிகாரி எழுதி வைத்ததன் சுருக்கம். கதை இதுதான்: கி.பி. 42-இல் குஜி என்ற குன்றில் சிவப்புத் துணியில் சுற்றிய தங்கப் பெட்டி வானத்தில் இருந்து இறங்குகிறது, உள்ளே ஆறு தங்க முட்டைகள், முதலில் வெளியே வந்தவர் சுரோ, கொரியாவின் தெற்கே இருந்த கயா நாட்டின் முதல் அரசர். 48-இல் தென்மேற்குக் கடலில் இருந்து சிவப்புப் பாய் கட்டிய கப்பல் ஒன்று வருகிறது. அதில் இருந்து இறங்கியவர்தான் ஹோ ஹ்வாங் ஓக். இறங்கியதும் தான் உடுத்தியிருந்த பட்டுக் கால்சட்டையைக் கழற்றி அந்த ஊர் மலைத் தெய்வத்துக்குக் காணிக்கையாக வைக்கிறார். "நான் அயுதா நாட்டு இளவரசி, குடும்பப்பெயர் ஹோ, பெயர் ஹ்வாங் ஓக், வயது 16" என்று அவரே அரசரிடம் சொல்கிறார். ஹ்வாங் ஓக் என்றால் மஞ்சள் நிற ஜேடு கல். பவளமும் இல்லை, சிவப்பும் இல்லை. பெற்றோர் கனவில் விண்ணரசர் வந்து அனுப்பச் சொன்னாராம். ராணி 157 வயதிலும் அரசர் 158 வயதிலும் காலமானதாக முடிகிறது.

இன்னொரு விஷயம். ராணியின் சமாதிக்கு முன்னால் இருக்கும் கல் 1647-இல் நட்டது. அதில் அயுதா என்று இல்லை, "போஜு பேரரசி" என்று ராணிக்கு ஒரு பட்டம் செதுக்கியிருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டுதான் கிம் பியோங் மோ என்ற மானுடவியல் பேராசிரியர், போஜு என்பது சீனாவின் சிச்சுவானில் இருந்த பூஜோ, அயோத்தியில் இருந்து அங்கே குடியேறிய குடும்பத்துப் பெண் அங்கிருந்து ஆற்று வழியாகவும் கடல் வழியாகவும் கொரியா வந்தாள் என்றார். இரட்டை மீனை அயோத்தியோடு முடிச்சுப் போட்டவரும் அவரே. ஆய்நாடன் சகோ, அதே மீனை வைத்து உத்தரப் பிரதேசத்துக்காரர்களும் உரிமை கேட்கிறார்கள், கவனியுங்கள். லக்னோ நவாபுகள் சின்னத்திலேயே இரட்டை மீன் உண்டு.

மீனைக் கிட்டே போய்ப் பார்த்தால் அது மரவாசலின் மேல்பலகையில் தீட்டியிருக்கும் ஓவியம். நடுவில் கோபுரம் மாதிரி ஓர் உருவம், இரண்டு பக்கமும் ஒன்றை ஒன்று பார்க்கும் மீன்கள். மர வாசல், வண்ணம் அடிக்கடி புதுப்பிக்கப்படுவது. இரண்டாயிரம் வருஷப் பழசு என்று நினைத்துக்கொண்டு போனால் ஏமாற்றம்தான்.

முதுகுன்றன்

பூங்குழலி சொன்னதில் ஆண்டுகளைக் கவனியுங்கள். சம்பவம் 48. எழுதியது 1076. நமக்குக் கிடைப்பது அதையும் சுருக்கிய 13-ஆம் நூற்றாண்டுப் பிரதி. நடுவில் ஆயிரம் வருஷம். 1145-இல் எழுதிய சம்குக் சாகி என்ற அரசாங்க வரலாற்றில் இந்த அயுதா கதை கிடையாது.

அந்த ஆயிரம் வருஷத்தில் என்ன நடந்தது என்று பார்த்தால்தான் கதை யாருக்குத் தேவைப்பட்டது என்று புரியும். சுரோவின் நாடான கும்க்வான் கயா 532-இல் பக்கத்து சில்லா அரசிடம் சரணடைந்தது. ஆனால் அந்த அரச குடும்பம் அழியவில்லை, சில்லாவின் பிரபுக்கள் வரிசையில் சேர்ந்தது. கொரியாவை ஒன்றாக்கிய போர்களின் பெரிய தளபதி கிம் யு சின் (595–673) சுரோ வழி வந்தவர். அவர் தங்கை சில்லா அரசர் முயோலை மணந்தார், பிறந்த பிள்ளை முன்மு அரசர். அந்த முன்மு 661-இல் "சுரோ என் தாய்வழி மூதாதை" என்று அறிவித்து, சமாதிக்கு முறையாகப் பூசை நடக்க நிலம் விட்டார். தோற்றுப்போன ஒரு குட்டி நாட்டின் அரச வம்சம் ஆளும் அரசனின் அம்மா வீடாகிவிட்டது. அந்த அம்மா வீட்டுக்கு ஒரு பெருமை வேண்டாமா?

அந்தக் காலத்தில் பெருமை என்றால் புத்தர் நாடு. சில்லா அரசர் ஜின்பியோங்கின் இயற்பெயர் புத்தரின் அப்பா சுத்தோதனர் பெயரின் சீன வடிவம், அவர் ராணி பெயர் மாயா. சில்லா அரசர் இந்திய க்ஷத்திரிய குலம் என்று மஞ்சுஸ்ரீ போதிசத்துவரே சொன்னதாக இதே சம்குக் யுசாவில் இன்னோர் இடத்தில் வருகிறது. 452-இல் ராணிக்காக ஒரு பௌத்தக் கோயில் கட்டியதாகவும் நூலில் உண்டு. சூத்திரங்களின் சீன மொழிபெயர்ப்பில் வரும் அயுதா என்ற எழுத்துகள் இந்தப் பாதையில் வந்து ஒட்டியிருக்கத்தான் வாய்ப்பு அதிகம் என்பது என் கருத்து.

அப்புறம் கப்பலில் வந்த சாமான்களை நூல் எப்படிச் சொல்கிறது தெரியுமா? பட்டு, பொன், வெள்ளி, எல்லாம் சொல்லிவிட்டு "ஹான் கடைச் சரக்குகள்" என்கிறது. ஹான் என்றால் சீனா. கூட வந்த இரண்டு அதிகாரிகளின் பெயர் சின் போ, ஜோ க்வாங், சீன பாணிப் பெயர்கள். கயாவின் இரும்பை அன்றைக்கு வாங்கிக்கொண்டிருந்தது கொரியாவின் வடக்கே இருந்த சீன மாவட்டங்களும் ஜப்பானும். ராணி நிஜமாகவே கடல் வழியாக வந்த ஒரு பெண் என்றால், அந்தச் சீன வியாபாரப் பக்கத்தில் இருந்து வந்த ஒரு குழு என்பதுதான் எனக்குப் பொருந்துகிறது.

பயண நாளும் இடிக்கிறது. ஐந்தாம் மாதம் கனவு, ஏழாம் மாதம் 27-ஆம் நாள் கிம்ஹே கரை. மூன்று மாதம்கூட இல்லை. ஃபாஹியான் 411-இல் இலங்கையில் கப்பல் ஏறி, ஜாவாவில் காற்றுக்காக ஐந்து மாதம் உட்கார்ந்து, புயலில் திசை மாறி 412-இல் ஷான்டோங் கரையில் ஒதுங்கினார். கொரியா அதையும் தாண்டி.

அயோத்திப் பக்கம் ராணிக்குச் சொல்லும் "சூரிரத்னா" என்ற பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. அது எந்தப் பழைய நூலிலும் இல்லை. செம்பவளமும் அப்படித்தான். இரண்டு பக்கமும் ஒரே வேலையைத்தான் செய்திருக்கிறார்கள்.

ஆய்நாடன்

//செம்பவளமும் அப்படித்தான்//

பெயர் பின்னால் வந்தது என்றே வைத்துக்கொள்ளுங்கள். தொடர்பே இல்லை என்று ஆகிவிடுமா? கயா கல்லறைகளில் இந்தோ-பசிபிக் கண்ணாடி மணிகள் குவியல் குவியலாகக் கிடைக்கின்றன. அந்த மணித் தொழிலின் பழைய பெரிய மையம் நம் அரிக்கமேடு. ராணி கொண்டுவந்த பாசா கல் ஸ்தூபி இன்றும் சமாதிக்குப் பக்கத்தில் நிற்கிறது, செம்புள்ளிக் கல், கொரியாவில் இல்லாத வகை என்று சம்குக் யுசாவே சொல்கிறது. டிஎன்ஏ பற்றி யாருமே வாய் திறக்கவில்லை, அதையும் கவனித்தேன்.

முதுகுன்றன்

மணி விஷயத்தை நான் முழுசாக ஒப்புக்கொள்கிறேன், இந்த இழையிலேயே உருப்படியான தமிழ்த் தொடர்பு அதுதான். ஆனால் மணி கைமாறிக் கைமாறிப் போகும். அரிக்கமேட்டு நுட்பம் தாய்லாந்தின் க்ளோங் தோம், வியட்நாமின் ஓக் இயோ வரைக்கும் போய், அங்கேயும் மணி செய்தார்கள். மணி போன இடத்துக்கெல்லாம் மணப்பெண் போனாள் என்று சொல்ல முடியாது. கல்லுக்கும் அதே பதில்.

குரோமோசோம்காரி

டிஎன்ஏவுக்கு வருகிறேன். நான் மனித மரபியல் ஆய்வகத்தில் இருப்பவள், கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2004-இல் நடந்தது இது. சியோல் தேசியப் பல்கலையையும் ஹல்லிம் பல்கலையையும் சேர்ந்த இரண்டு பேராசிரியர்கள் கிம்ஹே யேயான்ரி கல்லறை எலும்புகளில் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ, அதாவது அம்மா வழியாக மட்டும் வரும் டிஎன்ஏ, எடுத்துப் பார்த்தார்கள். ஒன்றில் தெற்கத்திய வகை, இந்தியாவிலும் காணப்படும் வகை, கிடைத்தது என்று ஒரு மாநாட்டில் சொன்னார்கள். பத்திரிகைகள் "ராணி கதை உண்மை" என்று தலைப்புப் போட்டன. அந்த ஒற்றைச் செய்திதான் இருபது வருஷமாக உங்கள் ஃபார்வர்டில் "நிரூபணம்" என்று ஓடிக்கொண்டிருக்கிறது.

இதில் இடிக்கிற இடங்கள் நிறைய. யேயான்ரி சாதாரண ஜனங்களின் இடுகாடு என்றுதான் தொல்லியலாளர்கள் கருதுகிறார்கள், அரச கல்லறைகள் இருப்பது தேசோங் தோங்கில். எலும்புகளும் ராணியின் காலத்துக்குப் பல தலைமுறை பிந்தியவை. அது போகட்டும், "இந்தியாவிலும் காணப்படும்" என்பதில்தான் மொத்த விஷயமும் இருக்கிறது. மைட்டோகாண்ட்ரியாவில் எம் என்று ஒரு பெரிய கிளை. ஆப்பிரிக்காவை விட்டு மனிதர்கள் வெளியே வந்த காலத்தை ஒட்டிப் பிரிந்தது, ஐம்பதாயிரம் வருஷத்துக்கும் மேல் பழசு. இந்தியர்களில் பெரும்பகுதி அந்தக் கிளைக்குள் வரும். கொரியர், ஜப்பானியர், சீனரில் சாதாரணமாகக் காணப்படும் டி, ஜி, சி, எம்7, எம்8, எம்9 எல்லாமும் அதே கிளைக்குள்தான் வரும். எனவே "எம் கிளை இருக்கிறது, இந்தியத் தொடர்பு" என்று சொன்னால் அதற்கு அர்த்தமே கிடையாது. எம்2, எம்3, எம்5 மாதிரி தெற்காசியாவுக்கே உரிய உட்கிளை கிடைத்தால்தான் பேச்சை ஆரம்பிக்கவே முடியும். அதற்கு மைட்டோகாண்ட்ரியா முழுவதையும் படிக்க வேண்டும், ஒரு துண்டைப் படித்தால் போதாது. 2004-இல் பழைய எலும்பில் பொதுவாகப் படித்தது துண்டைத்தான்.

அதற்குப் பின்னால் நல்ல வேலை ஒன்று வந்திருக்கிறது, ஃபார்வர்டு அனுப்புகிறவர்கள் அதைத் தொடுவதே இல்லை. 2022-இல் கரன்ட் பயாலஜி இதழில் வெளியானது. அதே கிம்ஹே ஊர், தேசோங் தோங் அரச கல்லறைகளும் யூஹாரி கிளிஞ்சல் மேடும், 4–5 ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த எட்டுப் பேரின் முழு மரபணுத் தொகுதி. எட்டுப் பேரும் அடிப்படையில் வடகிழக்கு ஆசியர்கள். அதோடு ஜப்பானின் பழைய ஜோமோன் மக்களுக்கு உறவான ஒரு பங்கு, சிலரிடம் கூடுதல், சிலரிடம் குறைவு. கல்லறைக்கு உரிய பெரிய மனிதர்களுக்கும், அவர்களோடு பலி கொடுத்துப் புதைத்த வேலையாட்களுக்கும் இந்தக் கலப்பில் வித்தியாசம் இல்லை. அந்த எட்டுப் பேரை விளக்கத் தெற்காசியப் பங்கு என்று ஒன்று தேவைப்படவே இல்லை.

எட்டுப் பேர் குறைவு என்று சொல்வீர்கள், சரிதான். ஆனால் இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. ராணி குமரியில் இருந்தே வந்தார், கதை எழுத்துக்கு எழுத்து உண்மை என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் இன்றைய ஹோ குடும்பப்பெயர்க்காரர் யாரையும் சோதித்து அதைக் கண்டுபிடிக்க முடியாது.

வம்சக் கதைப்படி ராணிக்குப் பத்து மகன்கள். "எனக்குப் பின் என் பெயர் போய்விடக் கூடாது" என்று ராணி கேட்க, அரசர் இரண்டு பிள்ளைகளுக்கு அம்மாவின் ஹோ பெயரைக் கொடுத்தார். இன்றைய ஹோக்கள் அந்த இரண்டு பேர் வழி. மைட்டோகாண்ட்ரியா அம்மாவிடம் இருந்து பிள்ளைகள் எல்லோருக்கும் போகும், ஆனால் அதை அடுத்த தலைமுறைக்குத் தருவது மகள்கள் மட்டும். அந்த இரண்டு மகன்களிடம் ராணியின் மைட்டோகாண்ட்ரியா இருந்தது, அவர்களோடு முடிந்தது. பேரப்பிள்ளைகளுக்கு வந்தது மருமகள்களுடையது. குடும்பப்பெயர் ஆண் வழியாகப் போகிறது, மைட்டோகாண்ட்ரியா பெண் வழியாகப் போகிறது, முதல் தலைமுறையிலேயே இரண்டும் பிரிந்துவிட்டன.

மற்ற குரோமோசோம்களில் தேடலாமே என்றால், 48-இல் இருந்து இன்றைக்கு எழுபது தலைமுறைக்கு மேல். ஒவ்வொரு தலைமுறையிலும் பாதி கழியும், பத்தாவதிலேயே ஆயிரத்தில் ஒரு பங்கு. உங்கள் உடம்பில் அந்தக் காலத்து மூதாதையரிடம் இருந்து வந்த துண்டுகள் மொத்தமே சில ஆயிரம்தான் இருக்க முடியும், மூதாதையர் பட்டியலில் உள்ள இடங்களோ எண்ணிக்கைக்கு அடங்காது. குறிப்பிட்ட ஒரு பாட்டியிடம் இருந்து ஒரு துண்டுகூட வந்து சேராமல் இருப்பதுதான் சாதாரணம். வேடிக்கை என்னவென்றால், ராணி நிஜமாக இருந்து அவர் வழி அறுந்துபோகாமல் வந்திருந்தால், இத்தனை தலைமுறையில் இன்றைய கொரியர் அநேகமாக எல்லோருமே ஏதோ ஒரு வழியில் அவர் சந்ததிதான். ஹோ, கிம் மட்டும் இல்லை. மரபணு ஒரு துளியும் இல்லாத சந்ததி.

சிப்காட்வாசி

மிக்க நன்றி மேடம், கடைசிப் பத்தியை இரண்டு தடவை படிக்க வேண்டியிருந்தது. எங்கள் ஹோ சாரிடம் ஒய் குரோமோசோம் சோதித்தால்? அது ஆண் வழிதானே, பெயரோடு சேர்ந்து போகுமே?

குரோமோசோம்காரி

போகும். ஆனால் யாருடையது? அப்பா சுரோவுடையது! கதை உண்மை என்றால் ஹோ ஆண்களிடம் இருப்பது கிம்ஹே கிம் ஆண்களிடம் இருக்கும் அதே ஒய். அம்மாவின் பெயர், அப்பாவின் குரோமோசோம். ஹோ குடும்பத்து ஆணிடம் இந்திய ஒய் கிடைத்தால் அது கதைக்கு ஆதரவு ஆகாது, கதைக்கு எதிர்.

இதில் இன்னொரு கிளையும் உண்டு, இஞ்சோன் யீ. ஹோ கி என்ற சில்லா தூதர் 8-ஆம் நூற்றாண்டில் சீனாவில் இருந்தபோது ஆன் லூஷான் கலகம் வந்தது. பேரரசர் தலைநகரை விட்டு ஓடினார், இவரும் கூடவே போனார். அதற்குப் பரிசாக அரச குடும்பப்பெயரான லீயைப் பெற்றார், கொரியனில் யீ. அவர் வழியில் வந்தவர்கள் இஞ்சோன் யீ. ஆகக் கிம், ஹோ, யீ என்று மூன்று பெயர், கதைப்படி ஒரே ஒய்.

இதைச் சோதிக்க முடியும், செய்கிற முறையும் தெரிந்ததுதான். சீனாவில் சாவ் என்ற குடும்பப்பெயருக்கு ஃபுதான் பல்கலை செய்தது. மூன்று ராஜ்ஜிய காலத்துத் தளபதி சாவ் சாவ் வழி வந்தவர்கள் என்று வம்சாவளிப் புத்தகம் வைத்திருக்கும் குடும்பங்களை ஊர் ஊராகத் தேடி ஒய் பார்த்தார்கள். பல குடும்பங்களில் அரிதான ஒரே கிளை திரும்பத் திரும்ப வந்தது. அதோடு நிறுத்தவில்லை. ஆன்ஹுய் மாகாணத்தில் சாவ் சாவின் தாத்தாவோடு பிறந்த சாவ் திங் என்பவரின் கல்லறையில் கிடைத்த பல்லில் டிஎன்ஏ எடுத்தார்கள், அதே கிளை. கூடவே, சாவ் சாவின் அப்பா வேறு குலத்தில் இருந்து தத்து வந்தவர் என்ற நூற்றாண்டுக் கணக்கான வம்பும் அடங்கியது. இங்கேயும் அதே மாதிரி கிம்ஹே கிம், கிம்ஹே ஹோ, இஞ்சோன் யீ மூன்றிலும் பழைய பெருங்குடும்பங்களாகத் தேர்ந்தெடுத்துப் பார்க்கலாம்.

பூசான்_பூங்குழலி

பழைய பெருங்குடும்பம் என்று அழுத்திச் சொன்னீர்களே, அங்கேதான் வில்லங்கம். கிம்ஹே கிம் 2015 கணக்கெடுப்பில் சுமார் 44 லட்சம் பேர், கொரியாவின் மிகப் பெரிய வம்சம். முன்னாள் அதிபர் கிம் தே ஜுங்கும் அதில்தான். இத்தனை பேரும் முட்டையில் இருந்து வந்த அரசரின் நேர் வாரிசா? கொரியாவின் கடைசி அரச வம்சமான ஜோசோன் காலத்தில் அடிமைகளிலும் ஏழைகளிலும் பலருக்குக் குடும்பப்பெயரே இல்லை. கையில் காசு வந்ததும் ஜோக்போ என்கிற வம்சாவளிப் புத்தகத்தில் பெயர் சேர்த்துக்கொள்ள விலை கொடுத்தார்கள், நொடித்துப்போன குடும்பங்கள் விற்றன. 1909-இல் எல்லோரும் பெயர் பதிய வேண்டும் என்று சட்டம் வந்தபோது, பெயர் இல்லாதவர்கள் பெரிய வம்சப் பெயராகப் பார்த்து எடுத்துக்கொண்டார்கள். அதில் கிம்மை விடப் பெரியது எது?

போன்க்வான் என்பதை நம்மவர்களுக்கு விளக்குவது சுலபம். கிம் என்றால் போதாது, எந்த ஊர் கிம் என்று சொல்ல வேண்டும். நகரத்தார் ஒன்பது கோயிலில் ஒரே கோயில்காரர்களுக்குள் பெண் எடுக்க மாட்டார்கள் இல்லையா, ஏறக்குறைய அதே மாதிரி. கிம்ஹே கிம்மும் கியோங்ஜு கிம்மும் கட்டிக்கொள்ளலாம், இரண்டுக்கும் வேறு வேறு முதல்வர். கிம்ஹே கிம்மும் கிம்ஹே ஹோவும் கூடாது, பெயர் வேறு என்றாலும் அண்ணன் தம்பி வழி. ஒரே பெயர் ஒரே ஊர் கல்யாணத்துக்குச் சட்டத்திலேயே தடை இருந்தது. அரசியலமைப்பு நீதிமன்றம் 1997-இல் அது செல்லாது என்றது, 2005-இல் சட்டத்தில் இருந்தே எடுத்தார்கள். அதுவரைக்கும் எத்தனை ஜோடிகள் பதிவு செய்ய முடியாமல் பிள்ளைகளோடு தவித்தார்கள் என்பது இங்கே பெரியவர்கள் இன்னும் பேசும் விஷயம். 48-இல் நடந்ததாகச் சொல்லும் ஒரு கல்யாணம், போன தலைமுறை வரை யார் யாரைக் கட்டலாம் என்று முடிவு செய்துகொண்டிருந்தது. டிஎன்ஏவை விட எனக்கு இதுதான் பெரிய ஆச்சரியம்.

ஹோ மொத்தமே மூன்று லட்சம் சொச்சம்தான், அதனால் கிம் அளவுக்குக் கலப்படம் இருக்காது என்று நினைக்கிறேன். கிம்ஹே ஹோ தவிர யாங்சோன் ஹோ என்ற கிளையும் உண்டு. பழைய கொரிய மருத்துவத்தின் பெரிய பெயரான ஹோ ஜுன் அந்தக் கிளை.

கிண்டல்_கிட்டு

எங்க தெருவிலும் ராஜராஜன் நேர் வாரிசுன்னு மூணு பேர் இருக்காங்க. ஜோக்போ எங்க கிடைக்கும், என்ன ரேட்டு?

ஆய்நாடன்

எல்லாம் படித்தேன். குரோமோசோம்காரி தோழி பொறுமையாக எழுதியதற்கு நன்றி. ஆனால் நீங்கள் சொன்னதை அப்படியே திருப்பிக் கேட்கிறேன். சோதித்தும் கண்டுபிடிக்க முடியாது என்றால், ராணி தமிழகத்தில் இருந்து வரவில்லை என்றும் டிஎன்ஏவால் சொல்ல முடியாது. அயோத்தியில் 2001-இல் நினைவுச் சின்னம் வைத்தார்கள், 2018-இல் கொரிய அதிபரின் மனைவி வந்து விரிவாக்கத்துக்கு அடிக்கல் நாட்டினார், 2019-இல் தபால்தலை போட்டார்கள். அவர்கள் கையில் மட்டும் என்ன ஆதாரம் இருந்தது? நாம் கேட்டால் மட்டும் ஆய்வகத்துக்கு இழுக்கிறீர்கள்.

குரோமோசோம்காரி

//ராணி தமிழகத்தில் இருந்து வரவில்லை என்றும் டிஎன்ஏவால் சொல்ல முடியாது//

முடியாது, முழுக்கச் சரி. அயோத்திக்கும் அதே பதில்தான், அவர்கள் கையில் மரபணு ஆதாரம் எதுவும் இல்லை. தபால்தலை இரண்டு அரசாங்கங்களின் நட்புக்குப் போட்டது. நான் மறுப்பது "டிஎன்ஏ நிரூபித்துவிட்டது" என்ற அந்த ஒரு வரியை மட்டும். அதை எடுத்துவிட்டு ஆய் நாடு என்று வாதாடுங்கள், அது வரலாற்றுக்காரர்கள் பாடு. முதுகுன்றன் ஐயா பார்த்துக்கொள்வார்.

ராணி விஷயத்தில் மரபணு உருப்படியாக ஏதாவது சொல்ல வேண்டும் என்றால் வழி ஒன்றுதான், அவருடைய எலும்பு, அல்லது முதல் இரண்டு மூன்று தலைமுறை அரச கல்லறை எலும்பு. கதையில் இன்னொரு ருசியான சங்கதி உண்டு: ராணியோடு வந்த சின் போவின் மகள் இரண்டாம் அரசரின் ராணி ஆகிறாள், ஜோ க்வாங்கின் பேத்தி மூன்றாம் அரசரின் ராணி ஆகிறாள். மூன்று தலைமுறை ராணிகள் ஒரே கப்பல் கூட்டம்! அந்த எலும்புகள் கிடைத்தால், வந்தவர்கள் சீனப் பக்கமா தெற்காசியாவா என்பது ஒரு காதெலும்புத் துண்டிலேயே தெரிந்துவிடும், பழைய டிஎன்ஏ நன்றாகத் தங்குவது அதில்தான். ஆனால் ராணி சமாதி என்று இன்றைக்குக் காட்டுவது பிற்காலம் அடையாளம் வைத்த மேடு. கொரியாவில் வம்சச் சங்கங்கள் அங்கே இன்றும் வருஷா வருஷம் பூசை செய்கின்றன. தோண்ட யார் விடுவார்கள்?

முதுகுன்றன்

தேசோங் தோங்கில் இதுவரை கிடைத்த பெரிய அரச கல்லறைகள் 3-ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் ஆரம்பிக்கின்றன. 2023-இல் கயா கல்லறை மேடுகளை யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தபோது அதுவும் சேர்ந்தது. அதற்கு முந்தைய மூன்று ராணிகளைத் தேடுவது கஷ்டம்தான். ஆய்நாடன், நீங்கள் மணியைப் பிடித்துக்கொள்ளுங்கள். கயா மணிகளின் கண்ணாடியில் அலுமினா எவ்வளவு, பொட்டாஷ் எவ்வளவு என்று அளந்தால் எந்தப் பட்டறைக் கண்ணாடி என்று நெருங்கலாம். அது கையில் எடுத்து அளக்கிற பொருள்.

சிப்காட்வாசி

எல்லோருக்கும் நன்றி. இன்றைக்கு மதியம் ஹோ சாரிடம் ஒய் குரோமோசோம் விஷயத்தைச் சொன்னேன். "அப்படியென்றால் நான் கிம்மா?" என்று கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் யோசித்தார். அப்புறம், தன் மனைவி கியோங்ஜு கிம் என்றும், பெண் பார்க்கும்போது அவர் அப்பா முதலில் விசாரித்ததே எந்த ஊர் கிம் என்றுதான் என்றும் சொன்னார். பரிசோதனைக்கு எச்சில் தரத் தயாராம், ஆனால் முடிவை ஊரில் அப்பாவிடம் மட்டும் சொல்லக் கூடாதாம். மணி பற்றி யாராவது தனி இழை ஆரம்பித்தால் இங்கே சுட்டி போடுங்கள்.